ஹார்வி மில்லும் டிவிஎஸ் பட்டறையும்: மதுரையில் எது தங்கியது?

மதுரையில் ஒரு மேம்பாலத்துக்கு மதுரா கோட்ஸ் பாலம் என்று பெயர். திருப்பரங்குன்றம் பக்கம் போனால் ஹார்விபட்டி. ஊருக்குள்ளேயே ஒரு டிவிஎஸ் நகர். ஊர்க்காரர்கள் யோசிக்காமல் தினமும் சொல்கிற பெயர்கள் இவை. ஹார்வியும் கோட்ஸும் ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்கள். மூன்றாவது, திருக்குறுங்குடியில் பிறந்து மதுரையில் தொழில் நடத்திய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் முதலெழுத்துகள். ஒரு நகரத்தின் தொழில் வரலாறே இந்தப் பெயர்களுக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டுப் பொருளாதாரம் 2024-25-ல் 11 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்தது. ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒரு பன்னாட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போடுகிற செய்தி வருகிறது. உடனே வழக்கமான சண்டையும் தொடங்கிவிடும். ஒரு தரப்பு வேலைவாய்ப்பு வருகிறதே என்னும், மறு தரப்பு சுரண்ட வருகிறார்கள் என்னும். இரண்டுமே கம்பெனி உள்ளே வருகிற நேரத்தைப் பற்றிய பேச்சு. என் ஆர்வம் வேறு இடத்தில்: கம்பெனி வெளியே போனபிறகு ஊரில் என்ன மிச்சம் இருக்கிறது?

நோக்கியா 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கி 2014-ல் மூடியது. ஃபோர்டு 2021-ல் வெளியேறுவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு மறைமலைநகர் ஆலையில் உற்பத்தியை நிறுத்தியது. இவற்றை வைத்துத் தீர்ப்பு சொல்ல இன்னும் காலம் போதாது. மதுரையில் அப்படி இல்லை. நூற்று முப்பது வருடக் கணக்கு கையில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் குறிப்பு.

ஸ்காட்லாந்தும் கரிசல் பஞ்சும்

ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற சகோதரர்கள் 1880-களில் தென்மாவட்டங்களில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய 'ஏ அண்ட் எஃப் ஹார்வி' கம்பெனி முதலில் பாபநாசத்தில் ஆலை கட்டியது. தாமிரபரணி மலையிலிருந்து இறங்குகிற வேகமே அங்கே விசை. அடுத்து தூத்துக்குடியில் கோரல் மில். மூன்றாவதாக மதுரை மில்; 1889-ல் கம்பெனி பதிவாகி, 1892-ல் ஆலை ஓடத் தொடங்கியது.

ஏன் மதுரை? வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் புரிந்துவிடும். திருமங்கலம், அருப்புக்கோட்டை, விருதுநகர், சாத்தூர் என்று தெற்கே நீளும் கரிசல் காட்டில் பஞ்சு. 1870-களின் நடுவில் போட்டு முடித்த ரயில் பாதை தூத்துக்குடித் துறைமுகம் வரை போகிறது. நூலை வாங்க ஊருக்குள்ளேயே சௌராஷ்டிர நெசவாளர்களின் தறிகள். ஆலையை ரயில் நிலையத்தை ஒட்டியே கட்டிவிட்டார்கள்.

பிறகு நடந்தது மதுரையின் சமூக வரலாறு. வானம் பார்த்த பூமியிலிருந்து கிளம்பிய குடும்பங்கள் மில் கேட்டைச் சுற்றிக் குடியேறின. மில் சங்கு ஊதுவதைக் கேட்டு மணி பார்க்கிற ஊரானது மதுரை. தொழிற்சங்கமும் அங்கேயே பிறந்தது. கோரல் மில்லில் 1908 பிப்ரவரி இறுதியில் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற வேலைநிறுத்தம் கூலி உயர்வோடு முடிந்தது. சில நாட்களிலேயே இருவரும் கைதானார்கள். மதுரையில் 1918-ல் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் தொழிலாளர் சங்கம் கட்டினார். தொழிலாளர்களுக்கென்று கம்பெனி ஏற்படுத்திய குடியிருப்புதான் ஹார்விபட்டி.

ஆக, ஹார்வி மில் மதுரைக்கு ஒன்றும் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள முடியாது. மாதச் சம்பளம் என்ற ஒன்றை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு முதலில் காட்டியது அதுதான். ஆலைத் தொழிலில் லாபம் வரும் என்பதை உள்ளூர் முதலாளிகளுக்குக் காட்டியதும் அதுதான். 1920-களில் கருமுத்து தியாகராஜ செட்டியாரின் மீனாட்சி மில் அதே ஊரில் எழுந்தபோது, பஞ்சுச் சந்தை, ரயில் வசதி, மில் வேலை தெரிந்த ஆட்கள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன.

ஆனால் ஒரு பொறியாளனாக நான் வேறொன்றையும் பார்க்கிறேன். ஆலைக்குள் இருந்த அறிவு எங்கே தங்கியது?

அந்தக் காலத்தில் இதை நிர்ணயித்தது மேனேஜிங் ஏஜென்சி முறை. ஆலையின் பங்குகளை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் ஆலையை நடத்துவது, பஞ்சு கொள்முதல், நூல் விற்பனை, இயந்திரம் தருவிப்பது எல்லாம் ஏஜென்ட் கம்பெனியின் கையில். அதற்குத் தனியாகக் கமிஷன். முடிவெடுக்கிற அறைக்குள் உள்ளூர்க்காரருக்கு இடம் இல்லை. நூற்பு இயந்திரங்கள் இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து கப்பலில் வந்தன. உதிரிபாகமும் அங்கிருந்தேதான். மதுரைத் தொழிலாளி அந்த இயந்திரத்தை நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டார். அதைச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

1970-ல் அரசு மேனேஜிங் ஏஜென்சி முறையையே ஒழித்தது. 1974-ல் மதுரா மில்ஸும், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துத் தையல் நூல் கம்பெனியான ஜே அண்ட் பி கோட்ஸின் இந்தியக் கிளையும் இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. 1980-களின் கடைசியில் ஆயத்த ஆடைக்கென்று மதுரா கார்மென்ட்ஸ் பிரிவு தொடங்கியது. லூயி ஃபிலிப், வான் ஹியூசன், ஆலன் சோலி, பீட்டர் இங்கிலாந்து சட்டைகள் எல்லாம் இந்தக் குடையின் கீழ் வந்தவைதான். 1999-2000 வாக்கில் அந்தப் பிரிவை ஆதித்ய பிர்லா குழுமம் வாங்கியது. பிறகும் பல வருடங்கள் அது 'மதுரா ஃபேஷன்' என்ற பெயரிலேயே நடந்தது. தலைமையகம் பெங்களூரு. சட்டை விற்றது நாடு முழுக்க. மதுரைக்கு அதில் கிடைத்தது பெயர் மட்டும். கேரளாவில் கொரட்டியில் இதே கம்பெனியின் ஆலை இருந்த நிலத்தில் இன்று ஐடி பார்க் நடக்கிறது. பழைய பங்களாக்களில் என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்து கோடு எழுதுகிறார்கள்.

ரிப்பேர் பண்ணத் தெரிந்தவன்

இப்போது அதே ஊரின் இன்னொரு கதை.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் நிறுவனம் தொடங்கி பஸ் விட ஆரம்பித்தார். பஸ்ஸும் லாரியும் அமெரிக்கச் சரக்கு. காலப்போக்கில் டிவிஎஸ் ஜெனரல் மோட்டார்ஸின் விநியோகஸ்தர் ஆனது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டிச் சேர்க்கும் ஆலை வைத்தது. மதுரையில் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. பன்னாட்டு நிறுவனத்தோடு மதுரைக்கு இருந்த உறவு வெறும் வாங்கி விற்கிற உறவுதான்.

ஆனால் பஸ் ஓடியது நம்ம ஊர் ரோட்டில். மாட்டு லாடத்தின் ஆணி டயரைக் குத்தும். புழுதி என்ஜினுக்குள் போகும். உதிரிபாகம் கப்பலில் வர மாதக்கணக்கில் ஆகும். பஸ்ஸோ சொன்ன நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். டிவிஎஸ் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ரோட்டில் கிடக்கிற ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் கட்டிய வண்டி விட்டார்கள் என்பதும் அதே மாதிரி பிரபலமான கதை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, கரியை எரித்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கருவியை டிவிஎஸ் தானே செய்து விற்றது. பழைய டயரை ரீட்ரெட் செய்ய மதுரையிலேயே சுந்தரம் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கியது.

இவற்றில் எதையும் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. எல்லாம் பட்டறை வேலை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வண்டி நின்றுபோனால் நஷ்டம் டெட்ராய்டுக்கு இல்லை, மதுரைக்கு. அதனால் சரிசெய்கிற அறிவும் மதுரையில்தான் சேர்ந்தாக வேண்டும். ஹார்வி மில்லில் இந்தக் கட்டாயம் உள்ளூர்க்காரர் யார் தலையிலும் விழவில்லை.

கதவை மூடியபோது

திருப்பம் 1953-ல். டாரிஃப் கமிஷன் பரிந்துரைப்படி இந்திய அரசு ஒரு நிபந்தனை போட்டது: பாகங்களை இறக்கி இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் இருந்தால்தான் தொழிலில் இருக்கலாம். இந்தியச் சந்தை அதற்கு மிகச் சிறியது என்று கணக்குப் போட்ட ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அடுத்த ஆண்டுக்குள் கடையைக் கட்டின.

ஒரு விநியோகஸ்தருக்கு இதைவிடப் பெரிய இடி இருக்க முடியாது. சுந்தரம் ஐயங்கார் 1955-ல் காலமானார். அடுத்த தலைமுறை உதிரிபாகங்களைத் தானே செய்வது என்று இறங்கியது. இந்த முறை வெளிநாட்டு நிறுவனங்களைக் கூட்டாளியாக அழைத்தார்கள். 1960-ல் வீல்ஸ் இந்தியா. 1961-ல் இங்கிலாந்தின் லூகாஸோடு லூகாஸ்-டிவிஎஸ். 1962-ல் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும். 1966-ல் போல்ட்டு நட்டு செய்ய சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். வரைபடமும் தொழில்நுட்பமும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தன. ஆனால் எந்தப் பாகம் நம்ம ரோட்டில் எத்தனை மைல் தாங்கும், எது முதலில் உடையும் என்கிற அறிவு நாற்பது வருடமாக இவர்களிடம் சேர்ந்திருந்தது. கூட்டாளியின் எதிரே உட்கார்ந்து பேரம் பேச அது உதவியிருக்கும்.

விளைவு தெரிந்ததுதான். 1992-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் ரேடியேட்டர் மூடி செய்யும் இயந்திரங்களை சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸுக்கே அந்த மூடியை சப்ளை செய்தது. அப்பா காலத்தில் யாரிடம் வாங்கி விற்றார்களோ, அவர்களுக்கே விற்கிற நிலை. 1998-ல் சுந்தரம் கிளேட்டன் ஜப்பானின் டெமிங் தர விருதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் ஆனது. 2001-ல் சுசூகி பிரிந்து போனபோது, டிவிஎஸ் மோட்டார் சொந்த வடிவமைப்பில் விக்டர் பைக்கைச் சந்தையில் இறக்கியது. கூட்டாளி போனபிறகும் கடை திறந்திருந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். கதவை மூடிய காலத்தில் இந்திய நுகர்வோர் பழைய மாடல் காருக்கும் ஸ்கூட்டருக்கும் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பாதுகாப்பு கிடைத்த எல்லாக் கம்பெனியும் கற்றுக்கொள்ளவும் இல்லை. பல கம்பெனிகள் சோம்பேறியாகிக் காணாமல் போயின. எனவே, கதவை மூடினால் தொழில் வளரும் என்று இதிலிருந்து சூத்திரம் எழுத முடியாது. ஏற்கெனவே பட்டறை வைத்திருந்தவனுக்கு மூடிய கதவு பயன்பட்டது, அவ்வளவுதான்.

ஆனால் அது மதுரையில் இல்லையே!

இதுவரை படித்ததும், உள்ளூர் முதலாளி ஜெயித்தார், வெளிநாட்டு முதலாளி தோற்றார் என்று முடிக்கத் தோன்றும். மதுரைக்காரன் அப்படி முடிக்க முடியாது. மேலே சொன்ன ஆலைகளின் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸ்னர்ஸ்: அத்தனையும் தொடங்கியது சென்னையில், பாடியில். மோட்டார் சைக்கிள் ஓசூரில்.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. துறைமுகம் சென்னையில். பாகங்களை வாங்கக்கூடிய அசோக் லேலண்ட், ஸ்டாண்டர்ட் மோட்டார், என்ஃபீல்டு எல்லாம் சென்னையைச் சுற்றி. லைசென்ஸ் காலத்தில் அரசு அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் ஒரு மூலதனம். வாங்குகிறவன் வாசலில் கடை போடுவதுதான் உதிரிபாகத் தொழிலின் இயல்பு.

ஆக மதுரையின் கணக்கு இப்படி ஆகிறது: மதுரையில் வேலை கொடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரர்; மதுரைக்காரர் வேலை கொடுத்தது பாடியில். 1972-ல் டிவிஎஸ் பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமான பிறகு, ஊரின் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்ததும் கை மாறிவிட்டது.

ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் டயர் ஆலை இருக்கிறது. அருப்புக்கோட்டை ரோட்டில் ஆவியூர் பக்கம் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் ஆலை இருக்கிறது. கப்பலூரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. ஆனால் ஒரு ஆலையைச் சுற்றி நூறு பட்டறை முளைக்கிற அந்தக் கூட்டம் பாடி, அம்பத்தூர் பக்கம் சேர்ந்த அளவுக்கு இங்கே சேரவில்லை. கருமுத்து தியாகராஜ செட்டியார் மில் பணத்தில் 1957-ல் பொறியியல் கல்லூரி திறந்தார். அதுவும் மற்ற கல்லூரிகளும் உருவாக்கிய பொறியாளர்களில் பெரும்பகுதியை பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏற்றிக்கொண்டு போனது.

கோயம்புத்தூர் என்ன செய்தது?

ஒப்பிட ஓர் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. கோயம்புத்தூரின் முதல் பஞ்சாலையையும் 1888-ல் தொடங்கியவர் ஓர் ஆங்கிலேயர்தான், ராபர்ட் ஸ்டேன்ஸ். தொடக்கப் புள்ளி ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அங்கே அடுத்தடுத்த ஆலைகளைக் கட்டியவர்கள் சுற்றுவட்டார விவசாயக் குடும்பங்கள். அவர்களுக்கே தோட்டம், அவர்களுக்கே கிணறு, அவர்களுக்கே ஆலை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கிணற்றுக்கு மோட்டார் தேவைப்பட்டது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் மின்மோட்டார் செய்தார்கள். பம்புசெட்டுக்கு வார்ப்பட ஆலை, வார்ப்படத்துக்கு லேத் பட்டறை என்று சங்கிலி நீண்டது. லட்சுமி மில்ஸ் குடும்பம் 1962-ல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தோடு சேர்ந்து நூற்பு இயந்திரமே செய்யும் லட்சுமி மெஷின் ஒர்க்ஸைத் தொடங்கியது. லங்காஷயரிலிருந்து கப்பலில் வந்த அதே வகை இயந்திரம், கோவையில்.

மதுரைக்கும் அதே பைக்காரா மின்சாரம் சில வருடம் தள்ளி வந்தது. பசுமலைப் பக்கம் பைக்காரா என்று ஒரு ஏரியாவே உண்டு. மின் நிலையத்தால் வந்த பெயர். பெயர் வந்தது, பம்புசெட் தொழில் வரவில்லை. ஏன்? இது என் ஊகம்: மதுரையைச் சுற்றிய சமவெளியின் ஒரு பாதி, 1895-க்குப் பிறகு பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் விளைகிற நிலம். மறு பாதி கண்மாயையும் மழையையும் நம்பிய கரிசல், செவல். ஆழக் கிணறு வெட்டி மோட்டார் வைக்கிற தேவை கோயம்புத்தூர் அளவுக்கு அவசரமாக இல்லை. தோட்டக்காரரும் ஆலைக்காரரும் பட்டறைக்காரரும் ஒரே ஆளாகவோ சொந்தக்காரர்களாகவோ இருக்கவும் இல்லை. ஆலை அறிவு ஹார்வி மதிலுக்குள், மோட்டார் அறிவு டிவிஎஸ் பட்டறைக்குள். இரண்டுக்கும் நடுவே ஊர் இருந்தது, பாலம் இல்லை.

அடுத்த ஒப்பந்தத்துக்கு மூன்று கேள்விகள்

இன்று இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் ஐடி பார்க் வந்துவிட்டது. மென்பொருள் துறையில் நாங்களும் ஒரு வகையில் ஹார்வி மில் தொழிலாளிகள்தான்: இயந்திரத்தை நன்றாக ஓட்டுகிறோம், எந்த இயந்திரம் செய்வது என்ற முடிவு பெரும்பாலும் வேறு ஊரில். அதனால் இந்தப் பழைய கதை எனக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை.

முதலீடு எத்தனை கோடி, வேலை எத்தனை ஆயிரம் என்று அறிவிப்பு வரும்போது நான் மூன்றைத் தேடுகிறேன். ஒன்று, இயந்திரம் நின்றால் சரிசெய்கிறவர் எந்த ஊரில் இருப்பார்? இரண்டு, அந்த ஆலை திருகாணி முதல் அட்டைப்பெட்டி வரை எத்தனை சாமானை ஐம்பது கிலோமீட்டருக்குள் வாங்கும்? மூன்று, முடிவெடுக்கிற அறையில் உள்ளூரில் கற்றுக்கொண்ட ஒருவராவது உட்கார்ந்திருப்பாரா? முதலாளியின் தேசம் எது என்பது இந்த மூன்றுக்கும் பிறகுதான். ஹார்வி மில் மூன்றிலும் தோற்றது. பாடி ஆலைகள் மூன்றிலும் ஜெயித்தன, ஆனால் அந்த ஐம்பது கிலோமீட்டர் சென்னையைச் சுற்றி விழுந்தது.

கப்பலூர் மாதிரியான தொழிற்பேட்டைகளில் இன்றும் லேத் வைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்து மதுரைக்கு வரப்போகிற பெரிய கம்பெனி எதுவானாலும், அதன் ஆர்டரில் ஒரு பங்கு அந்தப் பட்டறைகளுக்குப் போகிறதா என்பதை மட்டும் கவனித்து வாருங்கள். கம்பெனி ஒருநாள் கிளம்பிப் போனாலும் அந்த லேத்துகள் ஓடும். அங்கே வேலை கற்ற பையன்கள் ஊரிலேயே இருப்பார்கள்.